ஒரு எட்டு பார்த்துவிட்டு

தாம்பரத்திலிருந்து எந்த ரோட்டில் போனாலும் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ரோடு குண்டும் குழியுமாக இருப்பதற்காக இல்லை, அதெல்லாம் பழகிவிட்டது. ஏதாவது ஒரு திருப்பத்தில் யாராவது ஒருவர் வாசலில் நின்றுகொண்டு, "சார், உங்க மாமா இந்தப் பக்கம் வரதே இல்லையே?" என்று கேட்பார். தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். உடனே உள்ளே கூப்பிடுவார்கள். காபி போடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் போக வேண்டிய இடத்துக்கு லேட்டாகும். மனுஷன் இருந்தபோதும் என் நேரத்தை இப்படித்தான் தின்றார், போன பிறகும் விடுவதாக இல்லை.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் வீட்டுக்காரரை. கிழக்குத் தாம்பரத்தில் சிமெண்ட், கம்பி, செங்கல் கடை வைத்திருந்தார். சேலையூர்ப் பக்கம் ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனதும், அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல் விற்க ஆரம்பித்தார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஊரில் எல்லாக் கடைக்காரரும் சரக்கை இறக்கிவிட்டு அதோடு அந்த வீட்டை மறந்துவிடுவார்கள். இவர் மறக்க மாட்டார். தன் கடைச் சிமெண்ட்டில் எழும்பிய வீடு எதுவாக இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போது உள்ளே நுழையாமல் போகக் கூடாது. அது வழியிலேயே இல்லையென்றால், வண்டியைத் திருப்பி அதை வழியாக்கிக்கொள்வார்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்லாம் மச்சான்."

இந்த வார்த்தையை நான் கேட்ட அளவுக்கு என் சொந்தப் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

உள்ளே போனால் நாற்காலியில் உட்கார மாட்டார். முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். அப்புறம் சீலிங்கை அண்ணாந்து பார்ப்பார். "வூடு எப்டி கீது? ஓதம் கீதம் அடிக்குதா?" என்பார். அந்த வீட்டு மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அதற்கு அப்புறம்தான். ஆனால் அந்த அப்புறம் இருக்கிறதே, அது லேசில் முடியாது. பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களா, கிழவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா, பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டுச் சுவர்த் தகராறு என்ன ஆச்சு, எல்லாம் விசாரித்தாக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காகவே கார் டிக்கியில் எப்போதும் ஒரு வாழைத்தாரும் நான்கைந்து பிஸ்கட் டப்பாக்களும் கிடக்கும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்ற ஒரே பாவத்துக்காக அந்தக் காரில் டிரைவராக உட்கார்ந்தவன் நான். அழுகிப்போன வாழைப்பழத்தின் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குக் கிளட்சை மிதிக்கத் தோன்றுகிறது.

உள்ளே பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து வந்த பிறகு கேட்டில் நின்று பேசுவார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. உள்ளே சொல்லாத முக்கியமான விஷயமெல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டால்தான் அவருக்கு ஞாபகம் வரும். நான் ஹாரன் அடிப்பேன். "நம்ம மச்சான் பேஜார் புடிச்சவன்பா" என்று அவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

என் அக்கா இவரை ஏன் கட்டிக்கொண்டாள் என்று கேட்பவர்களுக்கும் இதே வியாதிதான் பதில். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்கு இவர் கடைச் செங்கல். கிரகப்பிரவேசம் முடிந்து பெயிண்ட் வாசனைகூடப் போய்விட்டது. இவர் மட்டும் வந்துகொண்டே இருந்தார். "சுவர் நல்லாத்தானே இருக்கு, இவன் அப்படி என்னத்தப் பாக்க வரான்?" என்று அப்பா அலுத்துக்கொண்டார். அக்கா நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம் அது. எங்கள் அடுக்களைச் சுவரை மட்டும் அவர் ஏன் அத்தனை முறை தட்டினார் என்பது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்பாவுக்குத் தெரிந்தபோது வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டிவிட்டு வந்த கையோடு, போகிற வழியில் மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்குள் மாலையும் கழுத்துமாக அக்காவை அழைத்துக்கொண்டு போனார் என்று அவள் இப்போதும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அவருடைய ஒரே பெண் ஹைதராபாத்தில் வேலைக்குச் சேரப் போன அன்று, வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம் சொல்லுங்கள்? கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும். "பொழிச்சலூர்ல ஒரு எட்டு" என்றார். நான் வண்டியைத் திருப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். "அவங்க ஊட்டுக்காரம்மா நம்ம கொயந்தைக்கு ஸ்வெட்டர் பின்னி வச்சிகினு கீதுப்பா" என்றார். ஹைதராபாத்துக்கு ஸ்வெட்டர்! கடைசியில் அந்தப் பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏர்போர்ட் வாசலில் தலைதெறிக்க ஓடினாள். பிளேன் கிடைத்தது. ஸ்வெட்டர் காரிலேயே கிடந்தது.

பள்ளிக்கரணையில் வெள்ளம் வந்து வடிந்த சமயத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ரோட்டிலெல்லாம் சேறு. "நம்ம வூடுங்க இன்னா ஆச்சோ" என்று என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஒரு வீட்டில் வாசலிலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார். சோபாவெல்லாம் நனைந்து வெளியே கிடந்தது. "ஏரியப் போய் மனைன்னு வித்தானுங்க, நீங்க வேற வந்து செங்கலை எறக்கினீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், உங்களுக்குத் தெரியாதா இது சதுப்பு நிலம்னு?" என்று கத்தினார். மாமா அந்த நிலத்தை விற்றவர் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேற்றில் நின்றபடி முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டைக் கையால் தடவிப் பார்த்தார். மறுவாரமும் அதே வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என் அக்கா ஓய்வாக ஓர் ஊருக்குப் போய்வர ஆசைப்பட்டாள்.

அக்கா குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கும் மேலாக நர்ஸ். காலையில் போனால் "சிஸ்டர், சிஸ்டர்" என்று ஒரு வார்டு முழுக்கக் கூப்பிடும். வீட்டுக்கு வந்தால் மாமா கூப்பிடுவார். டவல் எங்கே, கண்ணாடி எங்கே, வந்தவர்களுக்குக் காபி ஆச்சா? வந்தவர்கள் இல்லாத நாளே அந்த வீட்டில் கிடையாது. ரிட்டயர் ஆன அன்று மாலையும் சால்வையுமாக வந்து சோபாவில் உட்கார்ந்தவள் என்னிடம் சொன்னாள்: "டேய், எனக்கு ரெண்டே ரெண்டு நாள் வேணும். என்னை யாரும் எதுவும் கேக்கக் கூடாது. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுடா."

அவளோடு வேலை பார்த்த ஒரு நர்ஸுக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பாக் விரிகுடாவை ஒட்டி ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அக்கா சொல்லக் கூடாது என்றிருக்கிறாள். அங்கே கடலில் அலையே கிடையாதாம். தண்ணீர் சும்மா கிடக்குமாம். கரையில் சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது, உட்கார்ந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள் என்று அந்த நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த பெஞ்சுதான் கனவு. அவள் பெண் அப்போது மாசமாக இருந்தாள். அடுத்த மாதம் அக்கா ஹைதராபாத் போயாக வேண்டும். போனால் பிரசவம், குழந்தை, குளிப்பாட்டல் என்று எத்தனை வருஷம் ஆகுமோ. அதற்கு முன்னால் கிடைத்த அந்த ஒரு வாரத்தை விட்டால் அவளுக்கு அந்த ரெண்டு நாள் கிடைக்கவே கிடைக்காது.

இதற்கு முன்னால் புதுச்சேரி போகிறோம் என்று கிளம்பி, மறைமலை நகரிலும் அச்சிறுபாக்கத்திலும் திண்டிவனத்திலும் ஒரு எட்டு ஒரு எட்டாகப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து கடல் கறுத்திருந்தது. சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அதனால் இந்தத் தடவை அக்கா கறாராக இருந்தாள்.

"எங்கயும் நிக்கக் கூடாது. நாம மூணு பேரு மட்டும். வண்டி இவன் ஓட்டட்டும்."

"சர்தான் சர்தான்" என்றார் மாமா. "வியாயக்கெயம கெளம்பிர்லாம்."

"வியாழக்கிழமை தெக்க சூலம்."

"அப்ப வெள்ளி. செங்கல்பட்டுல நம்ம..."

"செங்கல்பட்டுல ஒண்ணும் இல்ல."

"இல்லமா, அந்தாளுக்குப் போன மாசம்தான் அவங்க அம்மா செத்துப்போச்சி. துக்கம் கேக்காம அவன் வூட்டு வாசல் வழியாவே போனா இன்னா நெனப்பான்?"

"வெள்ளிக்கிழமை துக்கம் கேப்பாங்களா?" என்று அக்கா மடக்கினாள்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப விக்கிரவாண்டி நல்ல காரியம்தான். அவன் பையனுக்கு நிச்சயம் ஆயிகீது."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். போதாக்குறைக்கு இவர் பின்னாலேயே போய், "உன் தலமேல சத்தியம், எங்கயும் நிக்கல, போதுமா?" என்று சொன்னார். நானும் நம்பினேன். கிளம்புகிற அன்று காலை பையை வைக்க டிக்கியைத் திறந்தால் உள்ளே முழு வாழைத்தார்.

"இது எதுக்கு மாமா?"

"வழில நாம துன்றதுக்குடா."

மூன்று பேர் ஒரு வாழைத்தாரைத் தின்கிறோமாம்!

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். வண்டலூர் தாண்டியது. கூடுவாஞ்சேரியில் அவர் கழுத்து இடது பக்கம் திரும்பியது, ஆனால் வாய் திறக்கவில்லை. மறைமலை நகரில் வலது பக்கம் திரும்பியது. பின் சீட்டில் அக்கா ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் முகம் அப்படி லேசாக இருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோவில் வந்தது.

"மச்சான், ஓரங்கட்டு. ஒண்ணுக்குப் போவணும்."

அதற்கு என்ன சொல்ல முடியும்? நிறுத்தினேன். இறங்கி ஒரு சந்துக்குள் போனார். போனவர் வரவில்லை. காத்திருந்தோம். டீ வாங்கிக் குடித்தோம். அப்போதும் வரவில்லை. பிறகு அந்தச் சந்திலிருந்து ஓர் அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓட்டமாக வந்தாள்.

"ஐயோ, வண்டியிலயே குந்திகினு கீறீங்களே! உள்ள வாங்கம்மா. இட்லி ஊத்திகினு கீறேன். சார் மாடிச் சுவரு பாத்துகினு கீறாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்த அம்மாளைப் பார்த்து, "வரேம்மா, நீங்க போங்க" என்று சிரித்தபடி சொன்னாள். கதவைத் திறந்தாள். தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். இட்லி சாப்பிடப் பை எதற்கு என்று எனக்கு உறைப்பதற்குள் அவள் சந்துப் பக்கம் போகாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள். ஒரு விழுப்புரம் பஸ் வந்து நின்றது. "அக்கா, அக்கா!" என்று நான் ஓடினேன். படியில் ஏறியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க. வரலைன்னாலும் பரவாயில்ல" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

தனியாகத் தி.நகருக்குக்கூடப் போகாதவள் அவள். ஆஸ்பத்திரி, வீடு, அதைவிட்டால் இவரோடு யார் யார் வீட்டுக்கோ. மாமா கையில் இட்லிப் பொட்டலத்தோடு சந்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"அவளுக்குப் பார்சல் வாங்கியாந்துட்டேன். எறங்க மாட்டேன்னுட்டாளா?"

"பஸ் ஏறிப் போயிட்டாங்க மாமா."

"எங்க?"

"கடலுக்கு."

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலி சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து ஏதோ கேட்டாள். இவர் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கரணைக்கு அப்புறம், அவரிடம் யாராவது ஏதாவது கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வண்டிய எடு" என்றார்.

எந்த பஸ் என்று எனக்குத் தெரியாது. ஹைவேயில் எல்லா விழுப்புரம் பஸ்ஸும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மூன்று பஸ்ஸை மடக்கி ஏறிப் பார்த்தோம், கண்டக்டர்களிடம் திட்டு வாங்கினோம். அக்கா போனை அணைத்துவிட்டிருந்தாள். மாமா அவளுடைய நம்பரைப் போட்டுக்கொண்டே வந்தார். "பயந்துக்குவா மச்சான். பஸ்ஸ்டாண்டுல எந்த வண்டின்னு கேக்கக்கூடத் தெரியாது அவளுக்கு" என்றார். எனக்கு வாயில் வந்தது. வார்டில் நூறு பேரைக் கட்டி மேய்த்தவளுக்கா தெரியாது என்று கேட்டேன். மறுபடி அவள் நம்பரைப் போட்டார்.

திண்டிவனம் நெருங்கும்போது அவர் போன் அடித்தது. அங்கே ஒரு வீட்டில் இலை போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்களாம். தலைமேல் சத்தியம் செய்த கையோடு முதல் நாளே போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார்! விக்கிரவாண்டியிலிருந்தும் கூப்பிட்டார்கள். "இல்லபா, வரல" என்றார் இரண்டு பேரிடமும். காரணம்கூடச் சொல்லவில்லை. இந்த இரண்டு வார்த்தையை ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் என்னவாம் என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை.

நடுவில் எங்கும் நிற்காததால், பஸ் மாறி மாறி வரும் அக்காவுக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே ஒரு நீளத் தெரு, அதன் கடைசியில் கடல். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய லாட்ஜ். நாங்கள் ரூம் சொல்லிவைத்திருந்தது அங்கேதான். வாசலுக்குப் போவதற்குள் என் போன் அடித்தது. அக்கா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் நல்லா இருக்கேன்டா. தஞ்சாவூர்ல இறங்கி காபி சாப்பிட்டேன். இப்பப் பட்டுக்கோட்டை பஸ்ல ஏறிட்டேன். உன் மாமாகிட்ட சொல்லு, ரெண்டு நாளைக்கு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. நீங்க வீட்டுக்குத் திரும்பிப் போயிடுங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்துடுவேன். அங்க வந்து நின்னீங்க, அப்புறம் நான் வீட்டுக்கே வர மாட்டேன்."

வைத்துவிட்டாள். நாங்கள் லாட்ஜ் வாசலில் நிற்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போலாமா மாமா?"

"நீ வோணா போ."

லாட்ஜுக்கு எதிரில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆளுக்குக் கேட்க வேண்டுமா? கால் மணி நேரத்தில் அந்த வீட்டுப் பெரியவரோடு சினேகமாகிவிட்டார். மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறார், மாமனார் நின்று கட்டுகிறார் என்ற விவரமெல்லாம் வந்துவிட்டது. வாழைத்தார் டிக்கியிலிருந்து இறங்கிவிட்டது. பாதி கட்டிய அந்த வீட்டின் மேல்தளத்தில் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டார்கள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு, பூசாத சுவருக்கு நடுவில் சிமெண்ட் தூசியில் படுத்தேன் நான். இதற்குத்தான் ஆபீசில் லீவு போட்டேனா என்று அழுகை வந்தது.

சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். மாமா சட்டென்று செங்கல் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கூப்பிடாமலே எல்லோர் வீட்டுக்கும் போகிறவர், கட்டின பெண்டாட்டியைப் பார்த்து ஒளிகிறார். தலை வெளியே தெரிகிறது என்று நான்தான் பிடித்து அமுக்கினேன்.

"முட்டி வலிக்குது அவளுக்கு. பாரு, படில ஏறும்போ எப்டி ஏறுறா" என்று முணுமுணுத்தார்.

"போய்ப் பையை வாங்குங்களேன்."

"வாணாம். யாரும் வரக் கூடாதுன்னு சொல்லிகீறா."

மறுநாள் முழுக்க நானும் சொல்லிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். ஒரு எட்டு போய்ப் பாருங்களேன் மாமா என்று அவர் வார்த்தையையே எடுத்து அவரிடம் கெஞ்சினேன். அசையவில்லை. தெருவைப் பார்த்த பக்கம் கவிழ்த்த ஒரு சிமெண்ட் சட்டியின் மேல் உட்கார்ந்து லாட்ஜ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் நான் மட்டும் சந்து வழியாகக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். அக்கா பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கையில் சுண்டல் பொட்டலம். தண்ணீர் நிஜமாகவே அசையாமல் கிடந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. வந்து மாமாவிடம் சொன்னேன்.

"துன்னாளா?"

"சாப்பிட்டாங்க."

"தனியா கீறாளேன்னு யாருனா..."

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப சர்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பையோடு வெளியே வந்தாள். நேராகத் தெருவைக் கடந்து எங்கள் காரின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். ஆச்சரியப்படவே இல்லை. மாமா முன் சீட்டில் ஏறினார். அந்தப் பெரியவரிடம் கேட்டில் நின்று பேசக்கூட இல்லை. வண்டியை எடுத்தேன். ஊர் எல்லை தாண்டி உப்பளம் வந்தது.

"நல்லா இருந்துதா?" என்று மாமா திரும்பாமலே கேட்டார்.

"இருந்துச்சு."

"அலையே இல்லியாமே?"

"ஏன், நீங்க பாக்கலையா? வெள்ளிக்கிழமையே செங்கல் பின்னால உங்க மண்டை தெரிஞ்சுது. ரெண்டு நாளா அங்கதானே இருந்தீங்க?"

"தெரிஞ்சிதா?" என்றார் அசடு வழிய. அப்புறம் சொன்னார்: "கடலாண்ட போவலமா. நீ குந்திகினு இருந்த. நான் வந்தா எதுனா கேப்பேன். உனுக்கு பேஜாரு. அதான் அந்தப் பக்கமே திரும்பல."

அக்காவைக் கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியத் திருப்புடா" என்றாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு. இப்பவே கிளம்பினாத்தான்..."

"திருப்புடான்னா!"

திருப்பினேன். வேறு என்ன செய்ய? இந்தக் குடும்பத்தில் எனக்கு வாய்த்தது ஸ்டீயரிங் மட்டும்தான்.

அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர் கடலைப் பார்த்தார். அந்தக் கோடி, இந்தக் கோடி பார்த்தார்.

"இன்னாமா இது? நம்ம சேலையூர் ஏரி மாரி கீது. இதுக்கா இம்மாம் தூரம் பஸ்ல வந்த?"

நான் தலையில் அடித்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து இரண்டு பேரின் முதுகும் தெரிந்தது, பேச்சும் காதில் விழுந்தது. ராத்திரி கொசு கடிச்சிதா, பஸ்ல குந்த எடம் கெடச்சிதா, யார் பக்கத்துல குந்தினு வந்தாங்க, ரூம்ல சுடுதண்ணி வந்துதா, அந்தப் படகு எந்த ஊரு, அத்த ஏன் கவுத்துப் போட்டுகீறாங்க, முட்டிக்கு மருந்து தடவினியா, என்னிய நெனச்சிகினியா? மனுஷன் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுகூட விடாமல் அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.